அம்மாவுக்கு யார் வர்ணனை சொல்வது?

பெரம்பூர்வாசி எழுதியது:

2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக் கோப்பை ஆட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அப்போது அம்மாவுக்கு 71 வயது. பெரம்பூரிலேயே வாழ்ந்தவர், அன்றுதான் முதன்முறையாக அந்த மைதானத்துக்குள் கால் வைத்தார். இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்பாவும் நானும் எத்தனை முறை அங்கே போயிருப்போம்!

எங்கள் வீட்டில் கிரிக்கெட் அப்பாவின் சொத்து என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. டெஸ்ட் நடக்கும் நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு, கூடத்தில் டிரான்சிஸ்டரை வைத்து ஆங்கில வர்ணனை கேட்பார். தமிழ் வர்ணனை அவருக்குப் பிடிக்காது, அது சமையலறைக்கு என்பார். அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. சமையலறையில் அம்மா இன்னொரு பழைய ரேடியோ வைத்திருந்தார். ஒலி அளவைக் குறைத்து, மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில். அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி என்ற குரல்கள் எல்லாம் எனக்குத் தாளிக்கும் வாசனையோடுதான் நினைவில் இருக்கின்றன.

1988 ஜனவரியில் நடந்த மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் பலருக்கும் நினைவிருக்கும். முதல் டெஸ்ட் ஆடிய நரேந்திர ஹிர்வானி 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட் எடுத்தார். பொங்கல் வாரம். எனக்குப் பத்து வயது. கூடத்தில் அப்பா கைதட்டுவதற்கு ஒரு கணம் முன்பே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும். இரண்டு ரேடியோக்களில் ஏதோ ஒன்று முந்தியது என்று அப்போது நினைத்தேன். இரண்டிலும் ஒரே ஆட்டம், ஒரே நேரம். பந்து சுழல்வதைச் சொல்லும்போதே என்ன நடக்கப்போகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்தது 1999 ஜனவரி. பாகிஸ்தான் டெஸ்டின் நான்காம் நாள், அப்பாவும் நானும் மைதானத்தில் இருந்தோம். வெற்றி இலக்கு 271. 82 ஓட்டத்துக்கு 5 விக்கெட் போன பிறகு சச்சினும் மோங்கியாவும் 136 ஓட்டம் சேர்த்தார்கள். முதுகுவலியோடு ஆடி 136 எடுத்த சச்சின், 254-இல் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார். இன்னும் 17 வேண்டியிருந்தது. அடுத்த 4 ஓட்டத்துக்குள் மீதி மூன்று விக்கெட்டும் போயின. 12 ஓட்டத் தோல்வி. அதற்குப் பிறகு நடந்ததை உலகமே பேசியது. மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான் அணி எல்லைக்கோட்டை ஒட்டிச் சுற்றி வந்தது. அப்பாவும் எழுந்து நின்று தட்டினார். எனக்கு மனம் வரவில்லை, கடைசியில் நானும் தட்டினேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இந்த ஊரில் பிறந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டே, "எதிர்முனையில் ஜோஷி நின்றுகொண்டிருந்தாரே, ஒற்றை ஓட்டமாகவே எடுத்திருக்கலாம். தூக்கி அடித்திருக்க வேண்டாம்" என்றார். "உனக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது 21 வயது, விவரம் தெரிந்த வயது.

2019-இல் அப்பா போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் கிரிக்கெட் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஒரு நாள் காலை அம்மா, "அஸ்வினை ஏன் உட்கார வைத்துவிட்டார்கள்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

சரி, அந்த 2023 ஆட்டத்துக்கு வருகிறேன். முழங்கால் வலியோடு படியேறி உட்கார்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பட்டாபிராமன் வாசல் முனை எது?" வானொலியில் காதால் மட்டும் கேட்டிருந்த இடம். எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அங்கே நின்ற ஊழியரிடம் கேட்டுக் காட்டினேன். அம்மா கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார்.

ஆஸ்திரேலியா 199-க்குச் சுருண்டது. பிறகு இந்தியா 2 ஓட்டத்துக்கு 3 விக்கெட். இஷான், ரோஹித், ஸ்ரேயாஸ் மூவரும் பூஜ்யம். மைதானமே மூச்சடைத்துப் போயிருந்தது. அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, "என்னடா, யாருமே சொல்ல மாட்டேன் என்கிறார்களே?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விளங்கியது: மைதானத்தில் வர்ணனை கிடையாது. அம்மாவுக்கு ஐம்பது வருடமாக கிரிக்கெட் என்றால் ஒரு குரல். பச்சைப் புல்லும் வெள்ளைப் பந்தும் கண் முன்னால் இருந்தும், சொல்ல ஆள் இல்லாததால் ஆட்டம் அம்மாவுக்குக் கைக்கு எட்டவில்லை.

நான் ஆரம்பித்தேன். "ஜம்பா பந்து வீசுகிறார். அளவு குறைந்த பந்து, கோலி பின்காலில் சென்று மிட்விக்கெட் திசையில் தட்டிவிடுகிறார், ஓட்டம் ஒன்று." முதலில் கூச்சமாக இருந்தது. பத்து ஓவர் போனதும் என் குரலே மாறிவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். காசு கொடுத்து, மூன்று மாடி ஏறி வந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்! முன்வரிசையில் இருந்த இரண்டு இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேலி செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன். "அண்ணா, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார்கள். கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97, கடைசியில் ஒரு சிக்ஸர். தொண்டை கட்டி மூன்று நாள் பேச முடியவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் மகள் இப்போது கால்பந்து ஆடுகிறாள். அம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறார். அம்மாவின் தம்பி, என் மாமா, வியாசர்பாடிக்காரர், இளவயதில் ஆடியவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுத் தொலைக்காட்சி நாசமாகிவிட்டதால் சென்னையின் எஃப்சி அணி, எஃப்சி கோவா அணியை வென்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து இறுதி ஆட்டத்தை எங்கள் வீட்டில்தான் பார்த்தார். 90-ஆவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று வென்ற ஆட்டம். மெண்டோசாவின் கோலுக்கு மாமா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் பயந்து மேலே வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கிரிக்கெட் அப்பா வழி, கால்பந்து அம்மா வழி என்று சொல்லிக்கொள்வோம். இரண்டுமே அம்மா வழிதான் என்று இப்போது தெரிகிறது.

உங்கள் வீடுகளில் இப்படி ஓரமாக இருந்து கேட்டவர்கள், பார்த்தவர்கள் யார்? தெரிந்துகொள்ள ஆசை.

தாமிரபரணி எழுதியது:

அப்துல் ஜப்பார் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சாத்தான்குளம் எங்கள் பக்கத்து ஊர். அவர் குரல் வரும்போது கடைத்தெருவில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நம்மூர்க்காரர் பேசுகிறார் என்ற உரிமை.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட். டீன் ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு வாந்தியும் மயக்கமுமாகப் போனது, கிரெக் மேத்யூஸ் அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசியது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. இந்தியா 347, இலக்கு 348.

எங்கள் தாத்தா ரேடியோவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது என்று கேட்டதும், "ஐந்து நாள் கேட்டு கடைசியில் டிராதானா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். தமிழில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சொல்லைத்தானே சொல்கிறோம்! என் அண்ணன் வாய்க்கால் கரை வரைக்கும் ஓடிப்போய், "தாத்தா, இது வேறு, இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கை, இதற்கு முன்னால் 1960-இல் பிரிஸ்பேனில் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது" என்று மூச்சு வாங்கச் சொன்னான். தாத்தா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "முதலில் இருந்து சொல்" என்றார். அண்ணன் கடைசி மூன்று ஓவரை முழுதாகச் சொன்னான். தண்ணீர் பாய்ச்சத் திறக்க வேண்டிய மடை அப்படியே கிடந்தது.

உங்கள் தாயார் கண்ணை மூடிக்கொண்டது எனக்குப் புரிகிறது ஐயா. நான் இன்றைக்கும் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஏதோ குறைகிறது.

உறையூர் எழுதியது:

எல்லோரும் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

1996 மார்ச் 13, உலகக் கோப்பை அரையிறுதி, ஈடன் கார்டன்ஸ். இலங்கை 251. சச்சின் இருக்கும் வரை நம்பிக்கை இருந்தது. அவர் போனதும் வரிசையாகச் சரிந்தார்கள். 8 விக்கெட்டுக்கு 120 என்று இருந்தபோது கூட்டம் புட்டிகளை எறிந்து, இருக்கைகளுக்குத் தீ வைத்து, ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். அன்று இரவு எங்கள் வீட்டில் என் தகப்பனார் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். குழம்பு வழிந்த கறை அடுத்த வெள்ளையடிப்பு வரை இருந்தது. அம்மா துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஆட்ட நாட்களில் யாரும் குறுக்கே நடக்கக் கூடாது. தங்கை அழுதால் அம்மா தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும். இந்தியா தோற்றால் அது அம்மாவின் குற்றம் போல இருக்கும். பெரம்பூர்வாசி ஐயா, உங்கள் அம்மா உள்ளே ரேடியோ வைத்துக் கேட்டது அழகான காட்சிதான். ஆனால் கூடத்தில் வந்து உட்கார முடியாததால்தானே சமையலறை? அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கும் கிரிக்கெட் பைத்தியம் உண்டு, அதை மறைக்கவில்லை. காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு கைப்பேசியில் தனியாகப் பார்க்கிறேன். என் குழந்தைகள் என் முகத்தைப் பார்த்து ஸ்கோரைத் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கெடிலக்கரை எழுதியது:

உறையூர் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டில் தட்டு பறக்கவில்லை. ஆனால் பந்து எப்போதும் அண்ணன் காலில்தான் இருந்தது.

நான் கடலூர். எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து ஆடுவது இப்போது செய்தித்தாளில் வருகிறது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியப் பட்டம் வாங்கினார்கள். மணிப்பூரை வெல்வது என்றால் என்ன என்று கால்பந்து தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தது போல வைத்திருந்தவர்கள் அவர்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம். நடுவில் 2019-இல் மதுரையின் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. இந்த மூன்றில் எதற்காவது உங்கள் தெருவில் பட்டாசு வெடித்ததா?

நான் ஆடிய காலத்தில் எனக்குத் தனியாக பூட்ஸ் கிடையாது. அண்ணனுடைய பழையது, இரண்டு எண் பெரியது. முன்பக்கம் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்வேன். மழை பெய்தால் பஞ்சு தண்ணீர் குடித்து, ஓடும்போது சளக் சளக் என்று சத்தம் வரும். அம்மா அந்தப் பஞ்சை ராத்திரி அடுப்பு மேட்டில் காய வைப்பார். அப்பாவுக்கு நான் ஆடுவது தெரியும், தெரியாதது போல இருந்தார். காலையில் பஞ்சு காய்ந்திருக்கும், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதினேழு வயதில் ஆட்டத்தை விட்டேன். காரணம் எழுத விருப்பமில்லை.

அண்ணா, உங்கள் மகளை ஆட விடுங்கள். அதைவிட முக்கியம், அவள் காலுக்குச் சரியான அளவில் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

நல்லூர் வீதி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே துடுப்பாட்டம், அதாவது கிரிக்கெட், என்றால் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெருஞ்சமர்தான். உதைபந்தாட்டம் ஊருக்கு ஊர் உண்டு.

ரேடியோ பற்றி எழுதியதால் ஒன்று சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றறி வருவதற்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றினால் டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் ரேடியோ பாடும். 1992 மார்ச் 25, மெல்பேர்னில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி, பாகிஸ்தானும் இங்கிலாந்தும். எங்களுடைய நாடு அதில் இல்லை. இருந்தாலும் கேட்க வேண்டும். உலகத்தில் எங்கோ ஒரு இடத்தில் மனிதர்கள் ஒரு பந்துக்காக மட்டும் கவலைப்படுகிறார்கள் என்பதைக் கேட்பதே எங்களுக்கு ஆறுதல்.

அப்பாவும் நானும் மாறி மாறிச் சுற்றிக் களைத்துவிட்டோம். அக்கா வந்து பிடித்துக்கொண்டார். அவருக்கு விளையாட்டில் அக்கறை இல்லை என்று நினைத்திருந்தோம். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், கை தளர்ந்தால் குரலும் மங்கும். வசீம் அக்ரம் வந்தார். அலன் லாம்பின் ஸ்டம்ப் போனது. அக்கா துள்ளி எழுந்து கைதட்டினார். ரேடியோ அப்படியே அடங்கிவிட்டது. "சுற்று, சுற்று" என்று அப்பா கத்த, அக்கா பாய்ந்து பிடித்துச் சுற்றினார். குரல் திரும்பி வந்தபோது கிறிஸ் லூயிஸும் போய்விட்டார். அடுத்த பந்திலேயே. துடுப்பாட்டத்தின் மிகப் பெரிய பந்துகளில் ஒன்று, எங்கள் வீட்டில் அது நிசப்தத்தில் விழுந்தது.

அக்கா இப்போது வெளிநாட்டில். இப்போதும் தொலைபேசியில், அந்தப் பந்தை நான்தான் விழுங்கினேன் என்று சொல்வார். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேச மாட்டோம்.

பெரம்பூர்வாசி எழுதியது:

உறையூர் ஐயாவுக்கு முதலில். நீங்கள் சொன்னது சரி. கூடத்தில் இடம் இருந்தது, அம்மாவைக் கூப்பிடத்தான் யாரும் இல்லை. அப்பா நல்லவர், தட்டை எறிந்தவர் அல்ல. ஆனால் "உனக்கு என்ன தெரியும்" என்பதும் ஒரு எறிதல்தான். அன்று நான் சிரித்ததை இன்றுவரை அம்மாவிடம் பேசியதில்லை. பேச வேண்டும். ஒன்று கேட்கலாமா: தனியாகப் பார்க்கிறேன் என்றீர்கள். உங்கள் தாயார் இருக்கிறார்களா? அவர்களுக்கு ஆட்டம் பிடிக்குமா என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

கெடிலக்கரை தங்கைக்கு: நேற்றே மகளைக் கடைக்கு அழைத்துப் போய் அளவெடுத்து பூட்ஸ் வாங்கிவிட்டேன். உங்களிடம் ஒரு உதவி வேண்டும். போன ஆட்டத்தில் மகள் அடித்த கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. அம்மாவுக்குக் கோபம். வலைக்குள் போன பந்தை எப்படி இல்லை என்று சொல்லலாம் என்கிறார். நான் மூன்று விதமாக விளக்கிவிட்டேன், ஏறவில்லை.

கெடிலக்கரை எழுதியது:

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் இலை போடும் முன்பே போய் உட்கார்ந்துகொண்டால் எழுப்பிவிடுவார்கள் இல்லையா? நம் ஆள் நமக்குப் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், கோலுக்கும் நமக்கும் நடுவில் எதிரணியில் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அல்லது அந்த இரண்டாவது ஆளுக்கு நேர்வரிசையிலாவது நாம் நிற்க வேண்டும். கோல்கீப்பர் வழக்கமாக அந்த இருவரில் ஒருவர். அதற்கும் முன்னால் போய் நின்றால், இலை போடும் முன் உட்கார்ந்தது போல. பந்து உதைக்கப்பட்ட பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் தவறில்லை. கணக்கு நாம் பந்தைத் தொடும் நேரத்துக்கு அல்ல, அவர் உதைக்கும் நேரத்துக்கு. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள்.

உறையூர் எழுதியது:

அம்மா இருக்கிறார். கேட்டதில்லை. நேற்று இரவு தொலைபேசியில் கேட்டேன். கபில் தேவ் பிடிக்கும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அவர் தோற்றாலும் சிரிப்பார் என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

பெரம்பூர்வாசி எழுதியது:

பந்தி உதாரணம் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எதிரணி ஒருமுறை முன்னால் போய் நின்றபோது நடுவர் ஊதுவதற்கு முன்பே அம்மா "இலை போடவில்லை, இலை போடவில்லை" என்று குரல் கொடுத்தார். மகளின் அணி 0-1 என்று தோற்றது. புது பூட்ஸ் குதிகாலில் உரசிக் கொப்பளம் வந்திருக்கிறது. அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டார்.

இன்று மாலை நீங்கள் எல்லோரும் எழுதியதை அம்மாவுக்கு முதலிலிருந்து படித்துக் காட்டினேன். 1999 இரவு பற்றி நான் எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். "மேலே படி" என்றார். யாழ்ப்பாணத்து அக்காவின் கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும், "ஒன்று விட்டுவிட்டாய்" என்றார்.

"என்னம்மா?"

"ஹிர்வானி பதினாறு என்று மட்டும் எழுதியிருக்கிறாய். விக்கெட் கீப்பர் கிரண் மோரேவை எழுதவில்லையே. கடைசி இன்னிங்ஸில் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.